தூங்குமூஞ்சி மரத்தில் நான் பூசிய மஞ்சள்

எங்கள் ஊரின் பூங்கா எப்படி வந்தது, எப்படிப் போனது என்று முழுக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். பாய் காலமாகிவிட்டார். என் மனைவியும் போன ஆடியில் போய்விட்டாள். மிச்சம் இருப்பவன் நான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, மாவு மில்லில் நின்றே வயதைக் கழித்தவன். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். கடவுள் பெயரால் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் கண்ணை மூட எனக்கு மனமில்லை. அதனால் எழுதுகிறேன்.

தர்மபுரியிலிருந்து கடத்தூர் போகிற பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். பல வருஷம் அதிகாரிகளே நடத்திக்கொண்டிருந்த பஞ்சாயத்துக்கு எண்பதுகளின் நடுவில் தேர்தல் வந்தது. எங்கள் வார்டில் பாய் நின்றார். புளி மண்டி வைத்திருந்தவர். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஓட்டுக் கேட்டு என் வீட்டுக்கு வந்தவர் வாசலில் இருந்த முருங்கையை அண்ணாந்து பார்த்து, கம்பளிப்பூச்சி ஏறியிருக்கிறது, சாம்பலைத் தூவுங்கள் என்று சொன்னார். ஓட்டுக் கேட்க மறந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். ஆனாலும் ஜெயித்தார். ஊரில் அவர் மேல் யாருக்கும் கசப்பு கிடையாது.

முதல் கூட்டத்தில் மெம்பர்கள் ஆளுக்கொரு வேலையைப் பொறுப்பாக எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர், தெருவிளக்கு, சந்தை எல்லாவற்றுக்கும் போட்டி. பாய் மட்டும் பூங்காவைக் கேட்டார். கூட்டமே சிரித்ததாம். ஏனென்றால் ஊரில் பூங்கா என்று ஒன்று கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு ஏக்கர் புறம்போக்கு இருந்தது. பஞ்சாயத்தின் பழைய வரைபடத்தில் அந்த இடத்தில் பூங்கா என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். மற்றபடி சீமைக் கருவேலமும் உடைந்த பாட்டிலும் லாரிக்காரர்கள் ஒதுங்குகிற இடமும். நடுவில் மட்டும் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், குடை பிடித்த மாதிரி.

"பாய்க்குக் குப்பைமேட்டைப் பட்டா போட்டுக் குடுத்தாச்சுன்னு சேர்மன் சொல்றாருங்க" என்று பாயே மில்லுக்கு வந்து சொல்லிச் சிரித்தார். என் மில் அந்த இடத்துக்கு நேர் எதிரில். அதனால் அதற்கப்புறம் நடந்ததெல்லாம் என் கண் முன்னால் நடந்தது.

விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலிலிருந்து நேராக வந்துவிடுவார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையைப் பிடித்தால் மண்டி திறக்கிற நேரம் வரைக்கும் விட மாட்டார். பஞ்சாயத்தில் ஆள் கொடுக்கவில்லை. கேட்டால், பூங்காவுக்கு ஒதுக்கீடு இல்லை என்றார்கள். முதல் மாசம் தனியாக வெட்டினார். இரண்டாவது மாசம் நான் போனேன். அதற்கப்புறம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூட வந்து ஒரு கை கொடுத்தார்கள். வேரோடு பிடுங்கிய கருவேல முள்ளையே சுற்றிலும் வேலியாகப் போட்டார்.

செடிகளை வத்தல்மலையிலிருந்து கொண்டுவந்தார். புளி வாங்க அவர் மலைக்குப் போகிறவர். திரும்பும்போது ஈரச் சாக்கில் சுற்றிய கன்றுகளோடு வருவார். வியாபாரம் இல்லாத மாசங்களிலும் போவார். சட்டைப் பையில் எப்போதும் ஏதாவது விதை கிடக்கும். துணி துவைக்கும்போது தொட்டியில் முளைத்துவிடப் போகிறது என்று அவர் வீட்டம்மா திட்டுவார்களாம்.

அந்த வருஷங்களில் மழை பொய்த்துப்போயிருந்தது. குடிக்கிற தண்ணீருக்கே வரிசை. அப்படிப்பட்ட காலத்தில் கன்றுக்குத் தண்ணீர் கேட்டால் யார் தருவார்கள்? பாய் ஒரு வழி செய்தார். வார்டில் வீட்டுக்கு ஒரு கன்று என்று பிரித்துக் கொடுத்தார். அரிசி கழுவின தண்ணீர், பாத்திரம் கழுவின தண்ணீர், எது இருந்தாலும் சாயங்காலம் ஒரு சொம்பு கொண்டுவந்து அவரவர் கன்றுக்கு ஊற்ற வேண்டும். எங்கள் வீட்டுக்கு ஒரு நாவல் கன்று. என் மனைவி அதை ஒரு நாள் விட்டதில்லை. எந்தக் கன்று வாடினாலும் பாய் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார். கோபிக்க மாட்டார். "உடம்புக்கு ஏதாவது முடியலீங்களா?" என்று விசாரிப்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே எல்லோரும் ஊற்றினார்கள்.

இரண்டு வருஷத்தில் அந்த இடம் பூங்காவாகிவிட்டது. தூங்குமூஞ்சி மரத்தின் கிளையில் லாரி டயரைக் கட்டி ஊஞ்சல் போட்டார். சந்தை நாளில் மலையிலிருந்து சுமை இறக்கி வருகிறவர்கள் மரத்தடியில் துண்டை விரித்துப் படுப்பார்கள். சாயங்காலம் பள்ளிவாசல் தெருப் பெண்கள் குழந்தைகளோடு வந்து உட்காருவார்கள். எங்கள் தெருப் பெண்களும் சொம்புத் தண்ணீரோடு வந்தவர்கள் அங்கேயே உட்கார்ந்து பேசுவார்கள். அந்த மரம் சாயங்காலம் ஆனால் இலையை மூடிக்கொள்ளும், மேகம் கறுத்தாலும் மூடிக்கொள்ளும். இலை மூடியிருப்பதால் மழை நேராகத் தரைக்கு வருகிறது, அதனால்தான் இதற்குக் கீழே மட்டும் புல் பச்சையாக இருக்கிறது என்று பாய் காட்டினார். இருபது வருஷம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். எனக்குத் தெரிந்ததில்லை.

ஒரு தடவை என்னையும் மலைக்குக் கூட்டிப்போனார். அப்போது மேலே போக ரோடு கிடையாது. எனக்கு மூச்சு வாங்கியது. பாய் பாதி வழியில் நின்று நின்று இந்த இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள், அந்தக் குருவியைக் கேளுங்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்கு இளைப்பாற நேரம் கொடுக்கத்தான் அப்படிச் செய்தார் என்று பிற்பாடு விளங்கியது. உச்சி வேளையில் ஒரு பாறை மேல் துண்டை விரித்துத் தொழுதார். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து தீர்த்தமலையானை நினைத்துக் கண்ணை மூடினேன். கோயிலில் நிற்கும்போது எனக்கு ஆயிரம் யோசனை ஓடும். அன்றைக்கு ஒன்றுகூட ஓடவில்லை. கண்ணைத் திறந்தபோது கீழே எங்கள் ஊர்ப் பக்கமெல்லாம் வெந்து காய்ந்த நிறத்தில் கிடந்தது. "அங்க ஒரு கை அகலம் பச்சை தெரியணும்ங்க, இங்கிருந்து பார்த்தா" என்றார் பாய். அவர் பெரிதாக ஆசைப்பட்டுப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இனி என் காரியத்துக்கு வருகிறேன்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டிக் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டால் வருமானம் வரும் என்று பஞ்சாயத்தில் தீர்மானம் வந்தது. இடம் பூங்காவின் முன்பக்கம். அதற்குத் தூங்குமூஞ்சி மரத்தை வெட்டியாக வேண்டும். பாய் ஒருவர்தான் எதிர்த்துக் கை தூக்கினார். தீர்மானம் நிறைவேறிவிட்டது. வேலை உள்ளூர்க் காண்ட்ராக்டர் ஒருவருக்குக் கிடைத்தது. அவரே மரத்தையும் வெட்டி எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

அந்த வாரம் பாய் செவ்வாய்க்கிழமை தர்மபுரிக்குப் போனார். மண்டி வேலையாக அவர் போவது வழக்கம்தான், நான் ஒன்றும் கேட்கவில்லை. புதன்கிழமை காலையில் காண்ட்ராக்டரின் ஆட்கள் மில்லுக்கு எதிரில் டீ குடித்துக்கொண்டே, நாளைக்கு மரத்தில் கை வைக்கிறோம், பெரிய ரம்பம் சேலத்திலிருந்து வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பாய் ஊரில் இல்லை.

அன்றைக்கு மத்தியானம் கரண்ட் போய்விட்டது. அந்தக் காலத்தில் போனால் மூன்று மணி நேரம் வராது. மில் நின்றுவிட்டது. நல்ல கோடை, தெருவில் ஒரு ஜீவன் இல்லை. மூலையில் யாரோ அரைத்து வாங்காமல் விட்டுப்போன மஞ்சள் தூள் ஒரு படி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் வெள்ளி செவ்வாய் தவறாதவன். மில் ஓட்டும் முன் பெல்ட்டுக்குக் கற்பூரம் காட்டாமல் ஸ்விட்சைப் போட்டதில்லை. சாமி பெயரில் சத்தியம்கூடப் பண்ணாதவன். அப்படிப்பட்டவனுக்கு இந்த யோசனை எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து எடுத்துக்கொண்டு போய் மரத்தின் அடியில் நாலு பக்கமும் பூசினேன். குங்குமம் வைத்தேன். வீட்டில் இருந்த வெள்ளைத் துண்டை அதே மஞ்சளில் நனைத்து மரத்தைச் சுற்றிக் கட்டினேன். மூன்று எலுமிச்சம்பழத்தை அறுத்து அடியில் வைத்தேன். பத்து நிமிஷ வேலை. யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து கை கழுவும்போது என் மனைவி பார்த்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். சொம்பில் தண்ணீர் எடுத்து என் கையில் ஊற்றினாள். பிறகு, "மரத்துக்கு நல்லது பண்ணியிருக்கீங்க, சரி. சாமிக்கு என்ன பதில் சொல்லுவீங்க?" என்று கேட்டாள். சாமிக்குத் தெரியாதா, பொறுத்துக்கொள்வார் என்றேன். "பொறுத்துக்கறது அவங்க பாடு. அதை நீங்களே முடிவு பண்ணக்கூடாது" என்றாள்.

வியாழக்கிழமை காலையில் ரம்பத்தோடு வந்தவர்கள் மரத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். ஒருவன், தூங்குமூஞ்சி மரத்துலகூடவா அம்மன் வருவா என்று கேட்டான். இன்னொருவன் செருப்பைக் கழற்றிவிட்டு, "வந்துட்டா போல இருக்கே, நீ வேணா வெட்டிப் பாரு" என்றான். யாரும் வெட்டவில்லை. காண்ட்ராக்டர் வந்து கத்தினார். பிறகு அவரும் துணியைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். பத்து மணி பஸ்ஸில் பாய் வந்து இறங்கினபோது மரத்தைச் சுற்றி முப்பது நாற்பது பேர் நின்றிருந்தார்கள். நான் மில் வாசலில் நின்றுகொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவர் மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார். ஒன்றும் கேட்காமல் மண்டிக்குப் போய்விட்டார். கடை கட்டுகிற திட்டம் அத்தோடு நின்றுவிட்டது.

ஒரு வாரத்தில் துணி காற்றில் போய்விடும், மஞ்சள் மழையில் கரைந்துவிடும் என்று நினைத்தேன். எங்கள் ஜனத்தை நான் அறியாதவனா? அப்படியும் அப்படி நினைத்தேன்.

முதல் வெள்ளிக்கிழமை யாரோ விளக்கு வைத்தார்கள். அடுத்த வாரம் ஒரு கல் வந்தது, கல்லுக்குப் புடவை வந்தது. பஸ் ஸ்டாண்டில் லாட்டரிச் சீட்டு விற்கிறவர் ஒருவர் இருந்தார். அவருடைய பெண் குழந்தை காய்ச்சலில் கிடந்து, ஆஸ்பத்திரியில் கைவிட்டு அனுப்பிவிட்டார்கள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்தை நூற்றெட்டுச் சுற்றுச் சுற்றினார். குழந்தை கண் திறந்தது. அன்றிலிருந்து அவர் சீட்டு விற்பதை விட்டுவிட்டு மரத்தடியிலேயே இருந்துவிட்டார். கூட்டிப் பெருக்கி, விளக்கேற்றி, அவரே பூசாரி. ஏமாற்றுகிறவர் இல்லை. அவர் கற்பூரம் காட்டும்போது கண்ணில் தண்ணீர் வழியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் மில்லுக்குள் போய்விடுவேன்.

பூங்கா மாரியம்மன் என்று பெயரே வந்துவிட்டது. அம்மன் தலைக்கு மேல் டயர் ஆடக்கூடாது என்று ஊஞ்சலை அறுத்தார்கள். சேவல் அறுக்கவும் பொங்கல் வைக்கவும் இடம் வேண்டும் என்று வேலியில் ஒரு பக்கத்தைப் பிரித்தார்கள். எங்கள் வீட்டு நாவல் கன்று பொங்கல் அடுப்புக்குப் பக்கத்தில் கருகிப்போனது. மலைக்காரர்கள் மரத்தடியில் படுக்கக்கூடாது என்றார்கள். பள்ளிவாசல் தெருப் பெண்களை யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்களாகவே வருவதை நிறுத்திக்கொண்டார்கள். பாய் மட்டும் தினமும் விடியற்காலையில் வந்து பின்பக்கத்தில் மிஞ்சியிருந்த கன்றுகளுக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். என்னிடம் அவர் இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசவில்லை. மில்லில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவோம், இது ஒன்றை விட்டுவிட்டு.

இப்படி இரண்டு வருஷம் போயிற்று. கோயிலுக்கு ஒரு கமிட்டி ஏற்பட்டது. கடை கட்ட வந்த அதே காண்ட்ராக்டர்தான் தலைவர். மரத்தைச் சுற்றி மூன்றடி உயரத்துக்குச் சிமெண்ட் மேடை கட்டி, அடிமரம் வரைக்கும் பூசி, மேலே தகரக் கொட்டகை போடுவது என்று முடிவு செய்தார்கள். ஜல்லியும் மணலும் வந்து இறங்கிவிட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மரத்தடியில் கமிட்டி கூடியது. நாற்பது ஐம்பது பேர் இருந்தோம். பாய் வந்தார். செருப்பை வேலியோரமாகக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றார். அடிமரம் வரைக்கும் சிமெண்ட் போட்டால் வேருக்கு மூச்சு இருக்காது, மரம் இரண்டு கோடை தாங்காது, கொஞ்சம் மண்ணை விட்டுக் கட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார். வேறு எதையும் கேட்கவில்லை.

காண்ட்ராக்டர் எழுந்து நின்று கும்பிட்டார். "பாய், நீங்க ஊருக்கே வேண்டியவங்க. ஆனா இது எங்க சாமி விஷயம். உங்களுக்கு எதுக்குங்க இது?"

மரியாதையாகத்தான் சொன்னார். பாய் சரி என்கிற மாதிரி தலையை ஆட்டினார். திரும்பி வேலிப் பக்கம் நடந்தார். அந்தத் தரையில் அவர் கடப்பாரை படாத இடம் கிடையாது. குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

"அவருக்கு எதுக்குன்னு கேக்காதீங்க. என்னைக் கேளுங்க. அன்னைக்கு இந்த மரத்துல மஞ்சளைப் பூசினது நான்தான்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கரண்ட் போனது, தூளைக் குழைத்தது, என் வீட்டுத் துண்டு, எலுமிச்சம்பழம். அடிக்க வருவார்கள் என்று நினைத்தேன். மில்லுக்கு இனி யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் எழுந்தேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "பார்த்தீங்களா, அம்மனே உங்க கையைப் புடிச்சுப் பூசிக்கிட்டிருக்கா" என்றாள். கனவில் வந்து சொன்னாளா என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். காண்ட்ராக்டர் என் பக்கத்தில் வந்து, அப்படியானால் முதல் பூசை பண்ணினது நீங்கதானுங்களே, திருவிழாவில் முதல் மரியாதை இனிமேல் உங்களுக்குத்தான் என்று சொல்லித் துண்டை எடுத்து என் தோளில் போட்டார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்:

"நீங்களே சொல்லுங்க. அம்மா சிமெண்ட் மேடை கேக்கறாளா, வேண்டாங்கறாளா?"

வேண்டாம் என்கிறாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்றைக்கு அங்கே இருந்த யாரும் மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டார்கள். மேடை வராது, கொட்டகை வராது. ஊஞ்சலைக்கூடத் திரும்பக் கட்டச் சொல்லியிருக்கலாம். வார்த்தை பல் வரைக்கும் வந்துவிட்டது. எதிரில் லாட்டரிக்காரர் கை கட்டி நின்றுகொண்டிருந்தார். அவர் மகள் அவருடைய வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்ன வரப்போகிறது என்று இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள். என்னால் முடியவில்லை.

"எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லலீங்க. அன்னைக்கும் சொல்லல, இன்னைக்கும் சொல்லல. மரத்தைக் காப்பாத்தறதுக்குச் சாமி பேர்ல பொய் பண்ணினேன். அவ்வளவுதான்" என்று சொல்லித் துண்டை எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

லாட்டரிக்காரர் முன்னால் வந்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"நீங்க பூசினது மஞ்சள்ங்க, ஒத்துக்கறேன். என் புள்ள பொழைச்சது மஞ்சளாலயாங்க?"

மரம் உயிரோடு இருந்தால்தானே நீங்கள் கும்பிட முடியும், அடியில் ஒரு முழம் மண்ணை விடுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் மரத்தையே அண்ணாந்து பார்த்தார். பிறகு கொத்தனாரிடம் ரெண்டு முழம் விட்டே கட்டுங்கள் என்று சொல்லிவிட்டார். காண்ட்ராக்டர் முணுமுணுத்தார். ஆனால் பூசாரி சொல்லை மீற முடியவில்லை. நான் வேலிப் பக்கம் பார்த்தேன். பாய் போய்விட்டிருந்தார். எது வரைக்கும் கேட்டார் என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் மண்டிக்குப் போனேன். புளியைக் கொட்டை நீக்கிக் குவித்திருந்தார்கள். பாய் மூட்டை மேல் உட்காரச் சொன்னார். முழுவதும் கேட்டதாகச் சொன்னார். நான் அழுதுவிட்டேன். உங்கள் பூங்காவை நானே அழித்துவிட்டேன் என்றேன். அழாதீர்கள், அழாதீர்கள் என்று முதுகைத் தடவினார். அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். ஆறுதலுக்காக ஒன்று கேட்டுவிட்டேன்.

"ஆனா பாய், அன்னைக்கு நான் பூசலைன்னா மரம் போயிருக்கும். இல்லீங்களா?"

அவர் ஒரு புளியம்பழத்தை எடுத்து ஓட்டை உடைத்துக்கொண்டே இருந்தார். நான் திரும்பவும் கேட்டேன்.

"போயிருக்காதுங்க" என்றார்.

புறம்போக்கில் நிற்கிற மரத்தை மேலிடத்து அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாதாம். பஞ்சாயத்தில் அதை வாங்கவே இல்லை. அந்தச் செவ்வாயும் புதனும் பாய் தர்மபுரியில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, வெட்டுவதை நிறுத்தச் சொல்லி உத்தரவு வாங்கிவிட்டார். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் வியாழக்கிழமை பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார். வெட்டுகிற ஆட்கள் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்களே என்றேன். அதையும் யோசித்திருந்தார். புதன்கிழமை ராத்திரியே போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லச் செய்திருந்தாராம். ஊர்க் காவல் பார்க்கிற தலையாரி காலையில் மரத்தடியில் நிற்கவும் ஏற்பாடு செய்திருந்தார். தலையாரி வந்தார்தான். நானே பார்த்தேன். அவரும் கும்பிட வந்தவர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"போகும்போது கிடைக்குமான்னு தெரியாதுங்க. வந்தப்புறம் சொல்லி என்ன? அன்னைக்கு நீங்க மில் வாசல்ல நின்னு அவ்வளவு சந்தோஷமா சிரிச்சீங்க." உடைத்த ஓட்டைக் கீழே போட்டுவிட்டு, "நானா சொல்லியிருக்க மாட்டேன். நீங்க கேட்டுட்டீங்க. கேட்டா பொய் சொல்ல வராதுங்க எனக்கு" என்றார்.

அந்தக் காகிதம் எங்கே என்று கேட்டேன். மூட்டைகளுக்கு அடியில் எங்கேயாவது கிடக்கும், கரையான் தின்றிருக்கும் என்றார்.

வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். என்ன கேட்பது என்றே தெரியவில்லை. ஒரு மனுஷன் நேர் வழியில் நடந்து ஒரு காரியத்தை முடித்துக்கொண்டு வந்திருக்கிறான். நான் குறுக்கே விழுந்து அதைக் கெடுத்திருக்கிறேன். அதுவும் பக்திமான் என்று பெயர் எடுத்த நான். சாமி காப்பாற்றட்டும் என்று விட்டிருந்தால்கூட மரம் நின்றிருக்கும். சாமியின் வேலையை நானே செய்யப் போனேன்.

அடுத்த கூட்டத்தில் பாய் பூங்காப் பொறுப்பை எழுதிக் கொடுத்துவிட்டு ஏரிக்கரையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கரை நெடுகப் புங்கனும் மருதமும் வைக்கத் தொடங்கினார். அது இன்றைக்கும் நிற்கிறது. ஊரில் எல்லோருக்கும் பொதுவாக நிழல் என்று இருப்பது அது ஒன்றுதான். ஆனால் அதற்கப்புறம் ஒரு மாசம் அவர் மில் பக்கம் வரவில்லை. கோதுமை அரைக்க ஆளிடம் கொடுத்து அனுப்பினார். கோபம் என்று நான் சொல்ல மாட்டேன். என்னைப் பார்த்தால் நான் குன்றிப்போவேன் என்று அவருக்குத் தெரியும். எனக்கோ அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

சிமெண்ட் மேடை கட்டி முடித்த பிறகு ஒரு நாள் காலையில் லாட்டரிக்காரர் மில்லுக்கு வந்தார். மரத்தில் ஒரு பக்கத்து இலை பருவமில்லாமல் கொட்டுகிறது என்றார். முகம் வெளுத்திருந்தது. பாயைக் கேட்க வேண்டும், நாங்கள் அன்றைக்குப் பேசினதுக்கு அவர் வருவாரா என்று என்னைக் கேட்டார். வாங்கள் போய்ப் பார்ப்போம் என்று கூட்டிப்போனேன். பாய் ஏரிக்கரையில் குழி எடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையைத் தட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டார்.

மேடை மேல் ஏறலாமா என்று லாட்டரிக்காரரைக் கேட்டார். ஏறுங்கள் என்று அவர் பாயின் கையைப் பிடித்து ஏற்றினார். கொத்தனார் விட்டிருந்த இரண்டு முழ மண்ணில் பாய் குந்தி உட்கார்ந்தார். விரலால் கிளறி முகர்ந்து பார்த்தார். பாலும் எண்ணெயும் அழுகின பழமும் கலந்து மண் கெட்டுக் கிடந்தது.

"பாலு ஊத்தாதீங்க. எண்ணெய் சிந்தாம விளக்கைத் தள்ளி வைங்க. தினம் சாயங்காலம் நாலு குடம் பச்சைத் தண்ணி. மெதுவா ஊத்தணும்."

"அபிஷேகம்னு ஜனங்க கேப்பாங்களே பாய்."

"தண்ணியும் அபிஷேகம்தானுங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க."

லாட்டரிக்காரர் தலையை ஆட்டினார். கெட்ட மண்ணை இரண்டு பேருமாக வாரி எடுத்தார்கள். எரு கலந்த மண்ணைப் பின்பக்கத்துப் பாத்தியிலிருந்து கொண்டுவந்து போட்டார்கள். நான் மேடைக்குக் கீழே நின்றிருந்தேன். முதல் மூன்று குடத்தை லாட்டரிக்காரரின் மகள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுத்தாள். பாய் வாங்கி, கையைக் குழித்து அதன் மேல் விட்டு, மண் கரையாதபடி ஊற்றினார். நிமிர்ந்தார். வந்ததிலிருந்து என்னை அவர் பார்க்கவில்லை. இப்போது காலிக் குடத்தை என் பக்கம் நீட்டினார்.

"மில்லுக்காரரே, இன்னும் ஒண்ணு."

வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக் குழாய்க்குப் போனேன். தண்ணீர் நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது. குடம் நிறைகிற வரைக்கும் நின்றேன்.